இயற்கைத் தைலம்தானே என்று அலட்சியம் வேண்டாம்

"செடியிலிருந்து எடுத்த எண்ணெய்தானே, அதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" நறுமண எண்ணெய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் எழுகிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். தைலம் இல்லாத தமிழர் வீட்டைச் சிங்கப்பூரில் காண்பது அரிது. 1928ல் இங்கே தொடங்கப்பட்ட நிறுவனத்தின் கோடாலித் தைலம், ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் தவறாமல் இடம்பிடிக்கும். புலி மார்க் தைலம், நீலகிரித் தைலம், சாமி மாடத்துக் கற்பூரம் என்று நம் வீடே மணக்கும். இப்போது அந்த வரிசையில் லாவண்டர், டீ ட்ரீ, பெப்பர்மின்ட் எண்ணெய்களும், அவற்றை ஆவியாக்கிப் பரப்பும் டிஃபியூசர் கருவியும் சேர்ந்துவிட்டன.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். இவை நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவை அல்ல. இலை, பூ, பட்டை, பழத்தோல் ஆகியவற்றிலிருந்து வடித்தோ பிழிந்தோ எடுக்கப்படும் அடர்த்தியான சாரம். துளசி இலை நான்கை மெல்லுவது வேறு. கூடை கூடையாக இலையைக் காய்ச்சி, அதன் சாரத்தை ஒரு சிறு புட்டியில் அடைத்து வைத்திருப்பது வேறு.

ஒரு கணக்கைச் சொன்னால் விளங்கும். வலித் தைலங்கள் பலவற்றில் மீத்தைல் சாலிசிலேட் என்ற பொருள் இருக்கிறது. விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுவதுமே இதுதான். அந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். மாத்திரைக் கணக்கில் இருபதுக்கும் மேல்! தவழும் குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கற்பூரமும் அப்படித்தான். குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம்.

"விழுங்கினால்தானே ஆபத்து? வாசனை என்ன செய்யும்?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சிங்கப்பூரின் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தைகள் கடுமையான மஞ்சள் காமாலையால் மூளை பாதிக்கப்பட்டு இறந்துபோன காலம் ஒன்று இங்கு இருந்தது. குழந்தை மருத்துவர் பேராசிரியர் வோங் ஹோக் பூன் அதை ஆராய்ந்தார். அக்குழந்தைகளில் பலருக்கு ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருந்தது தெரியவந்தது. சிவப்பணுக்களைக் காக்கும் நொதி அது. அது குறைந்த குழந்தைக்குச் சில பொருள்கள் பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து காமாலை முற்றிவிடும். அப்படிப்பட்ட பொருள்களில் ஒன்று, துணிப்பெட்டியில் நாம் போடுகிற பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின். உருண்டையைக் குழந்தை தொடக்கூட வேண்டாம். அந்த வாசனை ஏறிய துணியில் சுற்றிப் படுக்க வைத்தாலே போதும்.

1965 முதல் இங்கு பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி பரிசோதனை செய்யப்படுகிறது. குறைபாடு உள்ள குழந்தைகளைக் கண்காணித்ததாலும், எதைத் தவிர்ப்பது என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்ததாலும் அந்த மரணங்கள் ஏறத்தாழ ஒழிந்தன. உங்கள் குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்தால், கற்பூரமோ மெந்தாலோ கலந்த எந்தத் தைலத்தையும் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். குறைபாடு இல்லாவிட்டாலும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ இவற்றைத் தடவ வேண்டாம். மூச்சுத் திணறல் ஏற்படலாம். சளி பிடித்த பேரப்பிள்ளைக்குத் தைலம் தடவ வரும் பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் பிஞ்சு உடம்புக்கு அந்தக் காரம் தாங்காது.

அடுத்து, வாயில்லா ஜீவன்கள். 2024 செப்டம்பர் முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாம் என்றாகிவிட்டது. ஆகவே இது நம்மில் பலருக்கும் தேவையான செய்தி. இத்தகைய எண்ணெய்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி, பூனைக்கு மிகக் குறைவு. டிஃபியூசர் தெளிக்கும் நுண்துளி அதன் ரோமத்தில் படியும். பூனையோ நாள் முழுவதும் ரோமத்தை நக்கிக்கொண்டே இருக்கும். அப்படியே எண்ணெய் வயிற்றுக்குப் போய்விடும். கூண்டுக்கிளிகளின் நுரையீரல் இன்னும் மென்மையானது.

அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை டீ ட்ரீ எண்ணெயால் பாதிக்கப்பட்ட 443 நாய், பூனைகளைப் பற்றிய ஆய்வு 2014ல் வெளிவந்தது. அவற்றில் 89 விழுக்காட்டுக்குப் புட்டி தவறிக் கொட்டவில்லை. வளர்ப்பவர்களே வேண்டுமென்று பயன்படுத்தியிருக்கிறார்கள். கெடுக்க நினைத்தா செய்தார்கள்? நல்லது என்று நம்பித்தான் செய்தார்கள்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? புட்டிகளைப் பூட்டி வையுங்கள். இருமல் மருந்தின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் உடம்பில் பூசுவதானால் 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் பத்துப் பன்னிரண்டு சொட்டு போதும். உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். டிஃபியூசரை அரை மணி நேரம் ஓட விட்டு நிறுத்துங்கள். குளிர்சாதனத்துக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்த அறையில் இரவெல்லாம் ஓட விடக்கூடாது. கைக்குழந்தை தூங்கும் அறையில் வைக்க வேண்டாம். பூனை விரும்பினால் வெளியேற ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். பறவை இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மயக்கமோ வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே 995. அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பூனையோ நாயோ எச்சில் வடித்தாலும், தள்ளாடினாலும், நடுங்கினாலும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

தேக்காவிலோ சிராங்கூன் சாலையிலோ அடுத்த முறை தைலம் வாங்கும்போது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அட்டையில் உள்ள பொருள்களின் பெயரையும் வயது எச்சரிக்கையையும் படித்துப் பாருங்கள். பெரியவர் தலைவலிக்கு மருந்தாகும் அதே சொட்டு, தொட்டிலில் இருப்பவருக்கும் வாலாட்டி வருபவருக்கும் மருந்தாகிவிடாது.