வீடு முழுவதும் ஒரே கட்சி

தாயம், கேரம், சதுரங்கம், சீட்டு என்று நம் வீடுகளில் ஆடப்படும் ஆட்டங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். எல்லாவற்றிலும் ஒருவர் வெல்ல வேண்டுமானால் இன்னொருவர் தோற்றே ஆக வேண்டும். அண்ணனிடம் மூன்று முறை தோற்ற தங்கை நான்காம் முறை காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போவதும், அம்மா அடுப்பை விட்டு வந்து வழக்குத் தீர்ப்பதும் நாம் அறியாதவை அல்ல.

இவற்றிலிருந்து மாறுபட்ட ஆட்டம் ஒன்று உண்டு. அதில் எதிரி இல்லை. முறை வைத்து ஆடுவதும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே பக்கம் அமர்ந்து ஆடலாம். அதுவே 'ஜிக்சா' எனப்படும் படப்புதிர். ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, பல துண்டுகளாக வெட்டிக் கலைத்து, மீண்டும் முன்போல் சேர்ப்பதே ஆட்டம். கேட்பதற்கு எளிது. ஐந்நூறு துண்டுகளைத் தரையில் கொட்டிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்!

ஜிக்சா என்பது உண்மையில் ஒரு ரம்பத்தின் பெயர். வளைவு நெளிவாக அறுக்க உதவும் மெல்லிய ரம்பம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இப்பெயர் இவ்விளையாட்டிற்கு ஒட்டிக்கொண்டது. விளையாட்டோ அதைவிட நூற்றைம்பது ஆண்டுகள் மூத்தது. அது தோன்றியதும் விளையாடுவதற்காக அன்று, பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக.

1760-களில் இலண்டன் நகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படங்களைச் செதுக்கி அச்சிடும் தொழிலில் இருந்தார். அவர் ஐரோப்பாவின் படத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, ஒவ்வொரு நாட்டின் எல்லைக்கோட்டின் வழியாகவும் அறுத்து விற்றார். குழந்தைகள் அத்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து, எந்த நாட்டிற்கு எந்த நாடு அயல் என்று கற்றுக்கொண்டனர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்த சார்லட் ஃபின்ச் சீமாட்டியும் இத்தகைய படங்களைக் கொண்டே அரண்மனைக் குழந்தைகளுக்குப் பூகோளம் கற்பித்தார். அவர் அவற்றை வைத்திருந்த மரப்பெட்டி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அரச குழந்தைகளின் கைக்கு எட்டியது ஏழைக் குழந்தைகளின் கைக்கு எட்டவில்லை. ஜேன் ஆஸ்டின் 1814-இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' என்னும் நாவலில், ஃபானி என்ற பத்து வயது ஏழைச் சிறுமி வசதி மிக்க தன் பெரியம்மாவின் வீட்டிற்கு வந்து சேர்கிறாள். அவளுக்கு ஐரோப்பாவின் படத்தைச் சேர்க்கத் தெரியவில்லை என்பதைப் பெரியம்மா மகள்கள் ஏதோ அதிசயத்தைக் கண்டதுபோல் வீட்டுப் பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறார்கள். அவளை அருகில் அமர்த்தி, "இதோ பார், இது இங்கே பொருந்தும்" என்று காட்டிக் கொடுக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. துண்டுகள் அதே துண்டுகள்தாம். அவற்றை நடுவில் வைத்து ஒரு குழந்தையைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளவும் முடியும், தேர்வு வைத்து ஒதுக்கிவிடவும் முடியும். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

வெகு காலம் வரை படப்புதிர் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. ஒவ்வொரு துண்டையும் மரத்தில் தனித்தனியே அறுக்க வேண்டியிருந்ததால் விலை மிகுதி. 1908-இல் அமெரிக்காவில் 500 துண்டுகள் கொண்ட மரப்புதிர் ஒன்று 5 டாலர். அக்காலத்துத் தொழிலாளி ஒருவரின் மாத வருமானமோ ஏறத்தாழ 50 டாலர்தான். போதாததற்கு, அந்நாளையத் துண்டுகள் பல ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதில்லை. யாராவது மேசையை இடித்துவிட்டால் மாலை முழுதும் பட்ட பாடு வீணாகும். பெட்டியின்மேல் மாதிரிப் படமும் இராது.

இந்நிலை மாறிய கதைதான் நமக்கு மிகவும் பிடித்தது. 1929-இல் அமெரிக்காவின் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. 1933-ஆம் ஆண்டில் உழைக்கும் மக்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. மனிதர்கள் காசை எண்ணி எண்ணிச் செலவழித்த அந்தக் காலத்தில்தான் படப்புதிர் வீடு வீடாக நுழைந்தது! கூரிய எஃகுத் தகடுகளை வேண்டியபடி வளைத்து ஓர் அச்சாக அமைத்து, அதைத் தடித்த அட்டையின்மேல் அழுத்தி, ஒரே அழுத்தில் எல்லாத் துண்டுகளையும் வெட்டும் முறை பரவியதே இதற்குக் காரணம். விலை மளமளவென்று இறங்கியது. 1932-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாரம் ஒரு புதிய புதிர் பத்திரிகைக் கடைகளில் 25 சென்ட்டுக்குக் கிடைத்தது. பல் துலக்கும் பிரஷ் வாங்கினால் ஒரு புதிர் இலவசம் என்றுகூட விற்றார்கள். 1933-இன் தொடக்கத்தில் வாரத்திற்கு ஒரு கோடிப் புதிர்கள் விற்றன என்பர்.

வேலை இழந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் தத்தம் வீட்டிலேயே மரப்புதிர்களை அறுத்து அக்கம்பக்கத்தில் விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் மருந்துக் கடையில் புதிர் எடுத்துப் போய்ச் சேர்த்து முடித்துத் திருப்பித் தந்தவர்கள் உண்டு. வெளியே சென்று பொழுதுபோக்க வழியில்லாத குடும்பத்திற்கு ஒரு பெட்டி பல மாலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. முடித்தபின் அடுத்த வீட்டிற்குக் கொடுத்து அவர்களுடையதை வாங்கிக்கொள்ளலாம். பகலெல்லாம் வேலை தேடி வெறுங்கையோடு திரும்பிய தகப்பனுக்கு, 'இன்று இதையாவது முடித்தோம்' என்ற நிறைவு அந்த மேசையில் கிடைத்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. 2020-இல் கொரோனாத் தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோதும் பல நாடுகளில் படப்புதிர்கள் கடைகளில் கிடைக்காத அளவுக்கு விற்றுப் போயின.

இனி, சிறிது கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்! 25 வரிசை, வரிசைக்கு 20 துண்டு என்று அமைந்த 500 துண்டுப் புதிரை எடுத்துக்கொள்வோம். ஓரத்துத் துண்டுகள் 86 மட்டுமே. அவற்றிற்கு ஒரு பக்கம் நேராக இருக்கும். கண்ணுக்கு உடனே அகப்படும். ஆகவேதான் எல்லாரும் முதலில் சட்டத்தைக் கட்டுகிறார்கள். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு எந்தத் துண்டோடு எந்தத் துண்டு சேரும் என்று சோதிக்கப் புகுந்தால் 1,24,750 இணைகள் உள்ளன. ஆயுள் போதாது. அதே துண்டுகளை வானம், மரம், வீடு, நீர், பூ என ஐந்து நிறக் குவியல்களாக, குவியலுக்கு நூறாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றிலும் 4,950 இணைகள். ஐந்திற்கும் சேர்த்து 24,750. வேலை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிரிப்பதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சிவப்பு எது, பச்சை எது என்று தெரிந்த குழந்தை போதும். அக்குழந்தை செய்வது எடுபிடி வேலை அன்று, ஆட்டத்தின் மிகப் பெரிய வேலையே அதுதான்.

இன்னொரு வேடிக்கை. சேர்ந்த இரு பகுதிகளை இணைப்பதை ஒரு 'சேர்ப்பு' என்று கொண்டால், ஒவ்வொரு சேர்ப்பிலும் பகுதிகளின் எண்ணிக்கை ஒன்று குறையும். 500 தனித் துண்டுகள் ஒரே படமாக வேண்டுமெனில் 499 சேர்ப்புகள் வேண்டும். எத்தகைய கெட்டிக்காரர் வந்தாலும் 498-இல் முடிக்க முடியாது. பாட்டி அரை மணி நேரம் தேடி ஒன்றைச் சேர்த்தாலும், அண்ணன் அரை நொடியில் ஒன்றைச் சேர்த்தாலும் குறைவது ஒன்றே.

வீட்டில் இதை எப்படி அமைத்துக்கொள்வது? நம் வீடுகளில் இதற்கென மேசை இராது. தரையில் பரப்பினால் மறுநாள் காலை பெருக்குவதற்குள் எடுத்தாக வேண்டும். ஒரு பெரிய ஹார்ட்போர்டுப் பலகை இருந்தால் கவலை இல்லை. அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். நிறம் பிரிக்க முறமும் தாம்பாளமும் போதும். மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் வெளிர்நீலமும் சாம்பலும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே வானத்தைப் பகலில் சேர்ப்பது நல்லது. முதன்முதலாகத் தொடங்கும் குடும்பம் ஆயிரம் துண்டுக்குப் போகாமல் நூறு, இருநூறில் தொடங்கலாம். நீலவானமும் கடலுமாக இருக்கும் படத்தைவிட, சந்தையோ தேரோட்டமோ போலப் பல பொருள்கள் நிறைந்த படமே பலர் சேர்ந்து செய்ய ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு மூலை கிடைக்கும் அல்லவா!

ஒரே துண்டை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் காண்பதைக் கவனித்தால் வியப்பாக இருக்கும். சிறுவர்கள் வடிவத்தைப் பார்ப்பார்கள்: "இதற்கு இரண்டு காது, ஒரு குழி." அம்மா நிறத்தைப் பார்ப்பார். எங்கள் வீட்டுப் பாட்டிக்குக் கண்பார்வை மங்கல். ஆயினும் பழுப்பு நிறத் துண்டொன்றைக் கையில் எடுத்து, "இது மரம் இல்லையடி, மாட்டுக் கொம்பு. நுனி கறுத்திருக்கிறது பார்" என்றார். மரக் குவியலில் இரண்டு நாளாக நாங்கள் தேடித் தோற்ற துண்டு அது.

சில வீட்டு வழக்கங்களும் வேண்டும். ஒருவர் கையில் உள்ள துண்டை மற்றவர் பிடுங்கக் கூடாது. சிறு பிள்ளை தவறான இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, "அங்கே வராது" என்று முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. வராது என்பதைத் துண்டே சொல்லிவிடும்! கேட்டால் மட்டும் உதவலாம். கெட்டிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் தாமே முடித்துவிட்டால் படம் விரைவில் முடியும். ஆனால் மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போயிருப்பார்கள். அப்போது ஃபானியின் வீட்டிற்கும் நம் வீட்டிற்கும் என்ன வேறுபாடு? பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: "இதில் காட்டும் பொறுமையைக் கணக்கிலும் காட்டலாமே" என்று அந்த நேரத்தில் மட்டும் சொல்லாதிருங்கள். 2019 முதல் உலகப் போட்டிகள் நடக்கின்றன. முதற் போட்டி ஸ்பெயின் நாட்டின் வல்லடோலிட் நகரில் நடந்தது. அங்கே 500 துண்டுகளை ஒரு மணி நேரத்திற்குள் ஒருவரே முடித்துவிடுகிறார். அது திறமைதான், மறுக்கவில்லை. வீட்டிற்கு அந்தக் கடிகாரம் வேண்டாம்.

கடிகாரம் இல்லாததால் கிடைக்கும் பயன் வேறொன்று உண்டு. எல்லார் தலையும் குனிந்திருக்கும், கண்கள் துண்டுகளின்மேல் இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில்தான் பேச்சு தானாக வரும். அப்பாவின் எதிரில் நின்று சொல்ல அஞ்சிய மதிப்பெண்ணை, வானத்துத் துண்டைத் தேடிக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. அவரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிராமல், "எந்தக் கேள்வி வரவில்லை?" என்று கேட்கிறார். எதிரெதிரே அமர்ந்து பேசியிருந்தால் அந்தக் கேள்வி வேறு விதமாக வந்திருக்கக்கூடும். தாத்தா தம் இளமைக் கால ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதும் இப்படித்தான். படத்தில் ஒரு படகோ கிணறோ இருந்தால் போதும்.

கடையில் வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆண்டு முடிந்த காலண்டரின் படத்தைத் தடித்த அட்டையில் மைதாப் பசையால் சீராக ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் அட்டை சுருண்டுவிடும். காய்ந்தபின் பின்புறத்தில் பென்சிலால் வளைகோடுகள் போட்டு, பெரியவர் ஒருவர் துணையோடு வெட்டலாம். நாற்பது துண்டுகள் போதும். எல்லாத் துண்டின் பின்னும் ஒரே எழுத்தைக் குறித்துவிட்டால் மற்றொரு புதிரோடு கலந்தாலும் பிரித்துவிடலாம்.

ஸ்பில்ஸ்பரியின் வழியில் இந்தியப் படத்தையும் வெட்டிப் பார்க்கலாம். தெலங்கானா 2014-இலும் லடாக் 2019-இலும் தனித்தனியே பிரிந்தமையால் பழைய படம் உதவாது. புதிய படமே வாங்க வேண்டும். 28 மாநிலங்களோடு ஜம்மு காஷ்மீரையும் லடாக்கையும் சேர்த்தால் 30 துண்டுகள். சிறிய ஒன்றியப் பகுதிகளைப் பக்கத்து மாநிலத்தோடே விட்டுவிடலாம். உத்தரப்பிரதேசத் துண்டு எட்டு மாநிலங்களைத் தொடும். சிக்கிம் மேற்கு வங்கத்தை மட்டுமே தொடும். இதைப் புத்தகத்தில் படித்து மறந்தவர்கள் கையால் ஒருமுறை பொருத்தியபின் மறப்பதில்லை.

கடைசித் துண்டை யார் வைப்பது என்பதற்கு மட்டும் விதி சொல்ல நம்மால் இயலாது. அதற்காகவே ஒரு துண்டைப் பாவாடைப் பையில் ஒளித்து வைத்துக்கொள்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. முடிந்த படத்தை இரண்டு நாள் அப்படியே வைத்திருந்து, வருவோர் போவோருக்குக் காட்டியபின் கலைத்து, துண்டுகளை எண்ணித் துணிப்பையில் கட்டி வைக்க வேண்டும். ஏதேனும் தொலைந்திருந்தால், 'வலது மூலையில் ஒரு துண்டு இல்லை' என்று மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வீட்டிற்குக் கொடுக்கலாம். அவர்கள் அதைத் தேடி இரவெல்லாம் கட்டிலுக்கு அடியில் தவழ வேண்டியிராது.