நுரை அடங்கட்டும் தம்பி!

குழந்தைகளே! எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒருநாள் காலை பால் சொசைட்டி வாசலில் நின்றிருந்தேன். ஒரு பையன் தூக்குப்போசி நிறையப் பாலுடன் ஓடிவந்தான். "அண்ணே, அஞ்சு லிட்டர்!" என்றான். பால் அளப்பவர் சிரித்துக்கொண்டே, "நுரை அடங்கட்டும் தம்பி" என்றார். நுரை அடங்கியதும் அளந்தால் நாலரை லிட்டர்தான் இருந்தது. பையனின் முகம் சுருங்கிவிட்டது.

பால் குறையவில்லை, கண்தான் ஏமாந்தது. இதே சிக்கல் ராக்கெட் விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்றால் நம்புவீர்களா?

நமது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் அடுக்கில் இருப்பது கிரையோஜெனிக் இன்ஜின். 'கிரையோஜெனிக்' என்றால் கடுங்குளிர் சார்ந்தது என்று பொருள். இதற்குத் திரவ ஹைட்ரஜன் எரிபொருள். அதை எரிக்கத் திரவ ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸிலும், ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் கொதிக்கும். நமக்குக் குளிராகத் தெரியும் காற்றுகூட இவற்றுக்கு அடுப்புதான்! தொட்டிக்குள் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறைவதை மேலும் மேலும் ஊற்றி ஈடுகட்ட வேண்டும்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டியில் மைனஸ் 183 டிகிரியில் சுமார் 1,140 கிலோ ஆக்சிஜன் பிடிக்கும். இன்னும் 10 டிகிரி குளிரவைத்தால் அதே தொட்டியில் சுமார் 1,190 கிலோ பிடிக்கும். ஒரு சிமென்ட் மூட்டை எடை வித்தியாசம்! ஆகவே 'தொட்டி நிரம்பிவிட்டது' என்றால் போதாது. உள்ளே எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும். உங்கள் பாடப்புத்தகம் இதைத்தான் 'நிறை' என்கிறது.

ஏன் இவ்வளவு துல்லியம்? இந்த இன்ஜினில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ ஆக்சிஜன் செலவாகும். ஒன்று முன்னதாகத் தீர்ந்தால் மற்றது இருந்தும் பயனில்லை. மேல் அடுக்கில் நூறு கிலோ வீணாக மிஞ்சினால், ஏறக்குறைய நூறு கிலோ செயற்கைக்கோளைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கலவை விகிதத்தைக் கட்டுப்படுத்தவே இந்த இன்ஜினில் தனிக் கருவி உண்டு.

"எடை போட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! வீட்டு கேஸ் சிலிண்டரை அப்படித்தான் சோதிக்கிறோம். மொத்த எடையில் காலி சிலிண்டரின் எடையைக் கழித்தால் கேஸின் எடை கிடைத்துவிடும். ஆனால் ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டில் நிரப்பும் குழாய்கள் மாட்டியிருக்கும். காற்று தள்ளும். காற்றிலுள்ள ஈரம் பனியாக உறைந்து ஒட்டும். விண்ணில் பறக்கும்போதோ தராசுக்கு எங்கே போவது?

இதற்கு ஒரு வழி, தொட்டிக்குள் ஒரு மின்தேக்கியை நிறுத்துவது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், நடுவே இடைவெளி. இடைவெளியில் ஆவி இருந்தால் மின்னூட்டம் குறைவாகத் தேங்கும். திரவம் ஏறினால் கூடும். திரவம் அடர்த்தியாக இருந்தால் இன்னும் கூடும். உயரம், அடர்த்தி இரண்டும் சேர்ந்து தெரிவதால் நிறையைக் கணக்கிடலாம். 1969-இல் மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் மேல் அடுக்குகளிலும் இத்தகைய கருவிகள் இருந்தன.

நம் நாட்டின் கிரையோஜெனிக் இன்ஜின்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. சொந்தக் கிரையோஜெனிக் இன்ஜினுடன் நாம் முதல் வெற்றி கண்டது 2014 ஜனவரி 5 அன்று. ஆனால் 2021 ஆகஸ்ட் 12 அன்று ஒரு வால்வு கசிந்தது. ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்தது. இன்ஜின் பற்றவில்லை, இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோளை இழந்தோம். விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023 மே 29 அன்று ஜி.எஸ்.எல்.வி. மீண்டும் வென்றது.

செய்து பாருங்கள்: ஒரு டம்ளர் நிறையப் பொரி, அதே டம்ளர் நிறைய அரிசி. இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். பொரி ஹைட்ரஜன் மாதிரி, அரிசி ஆக்சிஜன் மாதிரி. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் வெறும் 70 கிராம்தான். திரவ ஆக்சிஜனோ 1,140 கிராம்! அப்படியானால் ராக்கெட்டில் எந்தத் தொட்டி பெரியதாக இருக்கும்? ஒரு கிலோவுக்கு ஐந்து கிலோ என்ற விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி, 'சபாஷ்' வாங்குங்கள்!