உஷார்! 144-க்குக் காசு கொடுத்துவிட்டு 60-ல் ஓட்டுகிறீர்களா?

பழைய மானிட்டருக்குப் பக்கத்தில் புதுசாக 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்களா? அது வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் இன்னும் போடவில்லையே? போடாதீர்கள். மாற்றித் தரக் கடைக்காரர் கொடுக்கும் தவணை பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் என் மவுஸை இப்படியும் அப்படியுமாக இரண்டு இழுப்பு இழுத்தான்.

“மாமா, இது 144 இல்ல.”

“டேய், பில்லே இருக்குடா.”

“பில்லு இருக்கட்டும் மாமா. ஸ்கிரீன் 60-லதான் ஓடுது.”

செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். 60-லேயேதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து மாதமும் “எவ்வளவு வழவழன்னு போகுது பாருங்க” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே முதல் உஷார்: புது மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் பல சமயம் அதை 60 ஹெர்ட்ஸிலேயே நிறுத்திவிடும். தப்பு என்று எந்த அறிவிப்பும் வராது, படம் பளிச்சென்றுதான் தெரியும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று வரிசையாக உள்ளே போங்கள். எந்த மானிட்டர் என்று கேட்கும் பெட்டி மேலேயே இருக்கும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் வழுக்கி விழும் இடம் அதுதான். பழையதைத் தேர்ந்தெடுத்துவிட்டு “144 வரவே இல்லையே” என்று தேடுவார்கள். புதியதைத் தேர்ந்தெடுத்து, கீழே ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலைத் திறங்கள்.

பட்டியலில் 144 இல்லையென்றால் மானிட்டரைத் திட்டாதீர்கள். கேபிளைப் பாருங்கள், அது செருகியிருக்கும் ஓட்டையையும் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் 1.4 பதிப்பில் 1440பி மானிட்டருக்கு 144 கிடைக்காது; 4கே என்றால் 30 ஹெர்ட்ஸோடு சரி. 2.0 இருந்தால்தான் 1440பி-க்கு 144 தாராளமாக வரும். டிஸ்ப்ளே போர்ட்டில் 1.2 பதிப்பே அதற்குப் போதும். அடுத்தது, கேபினெட்டின் பின்பக்கம். மேலே மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ, கீழே படுக்கைவாட்டில் கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள். இருட்டில் கையை விட்டுத் தடவிச் செருகினால் மேலே உள்ளதில்தான் போய் உட்காரும். இருபதாயிரம் ரூபாய் கார்டு சும்மா தூங்க, பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

சரி, டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறீர்களா? அங்கேதான் இரண்டாவது உஷார். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பேர் தெரியாத கேபிளை வாங்காதீர்கள். அந்தப் போர்ட்டின் 20-ஆம் பின்னில் 3.3 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. சாதாரண கேபிளில் அந்தப் பின்னை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கவே கூடாது என்பது தரவிதி. மலிவுக் கேபிள் சிலவற்றில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் திரும்பி கார்டுக்குள் ஏறும். கம்ப்யூட்டர் ஒருநாள் ஆன் ஆகும், ஒருநாள் ஆகாது. பவர் சப்ளை போச்சு, மதர்போர்டு போச்சு என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு அலைவீர்கள். சோதித்துப் பார்ப்பது சுலபம். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, அதன் பவர் கேபிளையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மானிட்டரை மட்டும் ஆனில் வைத்து, ஒரு நிமிஷம் கழித்துக் கேபினெட்டை எட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தால் குற்றவாளி அந்தக் கேபிள்தான். உடனே கழற்றிவிடுங்கள். வாங்கும்போது, அந்தத் தரவிதியை வகுத்த வெசா அமைப்பின் சான்று பெற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிள் மாற்றி 144 வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் நிஜமான தலைவலி. பழைய மானிட்டரில் யூடியூப் ஓடும்போது புதியதில் ஜன்னலை இழுத்தால் திக்கித் திக்கிப் போகும். வீடியோவை நிறுத்தினால் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கார்டு கோளாறு என்று நினைத்துப் புதுக் கார்டுக்குப் பணம் கட்டியவரை எனக்குத் தெரியும். புதுக் கார்டிலும் அதே திக்கல்.

விஷயம் கணக்கில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லி விநாடிக்கு ஒரு படம் கேட்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 6.9 மில்லி விநாடிக்கு ஒன்று வேண்டும். 144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4, முழு எண் இல்லை. இரண்டு திரையின் ஜன்னல்களையும் அடுக்கிப் படமாக்கித் தருவது விண்டோஸுக்குள் இருக்கும் ஒரே ஆள், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர். ஒரு பக்கம் காங்கேயம் காளையும் மறுபக்கம் கிழட்டு மாடும் பூட்டிய வண்டியை ஓட்டுகிறவர் போல, பழைய விண்டோஸில் அவர் வேகமான மாட்டை இழுத்துப் பிடித்துவிடுவார்.

2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. (2004 என்பது ஆண்டு இல்லை, 20-ஆம் ஆண்டு, 04-ஆம் மாதம். பெயர் வைத்தவரைச் சொல்ல வேண்டும்.) விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரியும். அதற்கு முந்தையது என்றால் வேறு எதையும் நோண்டாதீர்கள், முதலில் அப்டேட் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். லினக்ஸ்காரர்கள் எக்ஸ்11-ஐ விட்டு வேலாண்டுக்கு மாறினால் பாதிக் கதை முடிந்தது.

அப்டேட் செய்தும் திக்குகிறதா? புதிய மானிட்டரை 120-க்கு இறக்குங்கள். 60-க்குச் சரியாக இரண்டு மடங்கு. 144-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை, திக்கல் நின்றது மட்டும் தெரிந்தது. அப்படியும் நிற்காவிட்டால் பிரவுசரின் ஹார்டுவேர் ஆக்ஸலரேஷனை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஜி-சிங்க் வைத்திருப்பவர்கள் அதை முழுத்திரைக்கு மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நாலைந்தை ஒரே மூச்சில் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

சத்தமே போடாத ஆபத்து ஒன்றும் உண்டு: சூடு. இரண்டு மானிட்டரும் வெவ்வேறு வேகத்தில் ஓடும்போது சில கார்டுகளின் மெமரி ஓய்வெடுக்கவே இறங்காது. படம் மாறும் இடைவெளி இரண்டிலும் ஒத்துப்போனால்தான் திரை மினுக்காமல் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதால், முழு வேகத்திலேயே நின்றுவிடும். நீங்கள் வெறும் வேர்டு ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், கார்டு மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 கார்டுகளில் சும்மா இருக்கும்போதே மின்செலவு எகிறுவதை ஏஎம்டி நிறுவனமே தன் டிரைவர் குறிப்பில் ஒப்புக்கொண்டது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், ஜிபியு என்று போனால் தனிக் கார்டின் வெப்பநிலை தெரியும். குறித்துக்கொண்டு, ஒரு மானிட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் காரணம் இந்தப் பொருந்தாத ஜோடிதான். இதற்கும் பல கார்டுகளில் அதே 120 மருந்து கேட்கிறது. ஏசி இல்லாத அறையில் மே மாதம் வேலை செய்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதையெல்லாம் தேடி இணையத்தில் இறங்கினால் “ஒரே கிளிக்கில் டிரைவர் அப்டேட்” என்று வலை விரித்து நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். தொடாதீர்கள். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். “ரிமோட்ல வந்து சரி பண்ணித் தர்றேன் சார்” என்று ஃபோன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கடைசியாக ஒன்று. 144-க்குக் கண் பழகியபின் பழைய மானிட்டர் மந்தமாகத் தெரியும். மவுஸ் அந்தப் பக்கம் போனதும் சேற்றில் கால் வைத்தது போல இருக்கும். அது கோளாறு இல்லை, அது என்றைக்கும் 60-தான். அதைத் தூக்கி நிறுத்துகிறேன் என்று கஸ்டம் ரெசல்யூஷனில் 75, 80 என்று ஏற்றாதீர்கள். சில மானிட்டர்கள் 75 என்று காட்டிக்கொண்டே நடுவில் படங்களை விழுங்கிவிடும். சில, ஒரேயடியாகக் கறுத்துவிடும். கறுத்தால் பதற்றத்தில் என்டரைத் தட்டாதீர்கள். மாற்றத்தை வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்பது உங்களுக்குத் தெரியாத அந்த இருட்டுக்குள்தான். கையைக் கட்டிக்கொண்டு 15 விநாடி சும்மா இருங்கள், பழையபடி திரும்பிவிடும். திரும்பாவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். “பீப்” என்று ஒரு சத்தம் வரும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாக எழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் மசியாவிட்டால் சேஃப் மோடில் ஏறி, சேர்த்த ரெசல்யூஷனை அழித்துவிட்டு வாருங்கள்.