ஜுனூன் தமிழும் விடாது கருப்பும்

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் டி.வி. என்றால் தூர்தர்ஷன்தான். 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னை நிலையத்தில் மவுசு இரண்டுக்குத்தான்: வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாடல் நிகழ்ச்சி, ஞாயிறு மாலைத் திரைப்படம். காற்றடித்தால் படத்தில் புள்ளி விழும். மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து “தெரியுது, தெரியுது... ஐயோ, போச்சு!” என்று குரல் வரும். அதற்குள் ஒரு பாட்டு முடிந்திருக்கும். நிலையமே காலை வாரினால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டைதான் கதி.

இந்தியிலிருந்து டப்பிங் ஆகி வந்த ‘ஜுனூன்’ தொடர் கதைக்காக நினைவில் நிற்கவில்லை, பேச்சுக்காக நின்றது. தமிழைப் போலவே இந்தியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆனாலும் நடிகரின் வாயசைப்புக்குள் வசனத்தைத் திணித்ததில் சொற்கள் இடம்மாறின. “வந்திருக்கிறேன் நான், உன்னைப் பார்க்க” என்கிற பாணியில் எல்லோரும் பேசினார்கள். கல்லூரிகளில் அதுவே கேலிமொழி ஆனது. கோணல்மாணலான டப்பிங்குக்கு இன்றும் ‘ஜுனூன் தமிழ்’ என்றுதான் பெயர். ஒரு தொடருக்கு இதைவிட நீண்ட ஆயுள் வாய்ப்பது அரிது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. வந்தது, கேபிள்காரர் தெருவுக்குள் நுழைந்தார். ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நிகழ்ச்சியில் தொகுப்பாளர் உமாவிடம் பேசப் போன் லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தவரோ வீட்டு டி.வி.யின் சத்தத்தைக் குறைக்காமல், தன் குரலையே திரும்பக் கேட்டுத் தடுமாறுவார்.

அந்தப் பத்தாண்டின் உச்சம் ‘மர்மதேசம்’ தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், தயாரிப்பு கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள். அதில் ‘விடாது கருப்பு’ பகுதிக்குத் தனி இடம் உண்டு. தப்புச் செய்தவர்களை ஊர்க் காவல்தெய்வமே குதிரையேறி வந்து தண்டிக்கிறதா, அல்லது மனிதக் கையா என்ற கேள்வியை அது வாரக்கணக்கில் இழுத்துச் சென்றது. தெய்வத்தையும் விடவில்லை, மனநல மருத்துவத்தையும் விடவில்லை. அந்த இரட்டைப் பிடிதான் அதன் கெட்டிக்காரத்தனம். செட்டுக்குள் அடையாமல் கிராமத்து வெளிச்சத்திலும் இருட்டிலும் எடுத்ததால் பயம் நிஜமாக இருந்தது. வாரம் ஒரு பகுதி என்பதால், கொலையாளி யார் என்று ஊகிக்கத் திண்ணைகளுக்கு முழுசாக ஏழு நாள் கிடைத்தது.

1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளிவரை கதை நகர்ந்ததால், இன்றைய முடிச்சு நாளை இரவே அவிழ்ந்தது. தொடர் தொடங்குவதற்குள் அடுப்படி வேலை முடிந்தாக வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம்.