அத்திபெலே பையன் ஓவியம் படிக்கலாமா?

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்துவிட்டால் அத்திபெலேயில் உள்ள தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "சயன்ஸா, காமர்ஸா?" தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் தகப்பனாரும் சரி, குமாஸ்தாவாக இருக்கும் தகப்பனாரும் சரி, இதைத்தான் கேட்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் படம் போட்டு நிரப்பும் பிள்ளை வீட்டில் இருந்தால், பேச்சு சண்டையில் முடிகிறது. "படம் போட்டால் சோறு போடுமா?" என்கிறார் தகப்பனார். பிள்ளை வாய் திறப்பதில்லை.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதிலேயே அதற்கு முடிவு கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

எந்தப் பிரிவானாலும் சரி

தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ்-டூ வந்ததோடு பி.யு.சி. என்ற பேச்சு மறைந்தது. கர்நாடகத்தில் அது இன்றும் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு இரண்டு ஆண்டு. ஆர்ட்ஸ், காமர்ஸ், சயன்ஸ் என்று மூன்று பிரிவுகள். 'ஆர்ட்ஸ்' என்ற பெயரைக் கேட்டு, அங்கே படம் வரையச் சொல்லித் தருவார்கள் என்று நம்பிப் போகும் பிள்ளைகள் உண்டு! அங்கே இருப்பது சரித்திரமும் பொருளாதாரமும் அரசியலும்தான்.

ஓவியப் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. அதில் சேரப் பொதுவாக பி.யு.சி. அல்லது பிளஸ்-டூ தேறியிருந்தால் போதும். எந்தப் பிரிவு என்று கேட்பதில்லை. ஆகவே காமர்ஸ் எடுத்த பையனுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஓவியக் கல்லூரி கிடைக்காவிட்டால் பி.காம். இருக்கவே இருக்கிறது. இதைத் தகப்பனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி கையைப் பொறுத்தது. கல்லூரியில் சேரத் தேர்வு வைக்கிறார்கள். எதிரே வைத்த பொருளைப் பார்த்து வரைய வேண்டும். நினைவிலிருந்தும் வரைய வேண்டும். இரண்டு ஆண்டு பென்சிலைத் தொடாமல் இருந்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின மாதம் டிராயிங் நோட்டு வாங்குகிறவன் அங்கே தடுமாறுவான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் சாலையோரம் நிற்கும் லாரிகளும் அத்திபெலேயில் என்றைக்கும் உண்டு. வரைந்து பழக அவை போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாக் போனால் மரங்கள் கிடைக்கும்.

ஓவியத்தைப் பாடமாகவே படிக்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. மத்திய கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ.யின் 11, 12-ஆம் வகுப்புகளில் ஓவியம், சிற்பம் ஆகியவை பாடங்களாக இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பிள்ளைகளுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மேல்நிலைப் பிரிவிலும் ஓவியப் பாடம் இருக்கிறது. தவிர, இரண்டு மாநில அரசுகளும் டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைகளை நடத்தி வந்திருக்கின்றன.

எங்கே படிப்பது?

அத்திபெலேயிலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பது குமாரகிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத். எம்.எஸ். நஞ்சுண்டராவ் முயற்சியில் 1960-ல் பிறந்தது. ஆண்டுதோறும் ஜனவரியில் அந்தச் சாலை முழுவதும் 'சித்ர சந்தை' கூடும். ஓவியர்கள் தெருவோரம் உட்கார்ந்து தாங்களே விற்பார்கள். பிள்ளையைக் கையோடு அழைத்துப் போய் விலை கேட்டுப் பார்க்கலாம்! கஸ்தூரிபா சாலையில் கே. வெங்கடப்பா பெயரில் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. பரம்பரைச் சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்து, மைசூர் மகாராஜாவின் தயவில் கல்கத்தா சென்று அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர் அவர். ஊட்டி மலைகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ் பெற்றார்.

மைசூரில் 1906-ல் அடிக்கல் நாட்டப்பட்ட பழைய தொழிற்கலைப் பள்ளி, இன்று சாமராஜேந்திரா காட்சிக் கலைக் கல்லூரியாக இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. கல்லிலும் சுதையிலும் நாட்டம் உள்ளவர்களுக்கு 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. 1957 வரை அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி செய்ததுதான் மெரினாவில் 1959-ல் திறக்கப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் அந்த நால்வருக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் காவலாளி என்று சொல்வார்கள்.

இங்கேதான் எல்லையில் வாழ்கிறவர்களுக்குத் தலைவலி. கர்நாடகத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ் என்று அலைச்சல் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து வாங்கிய படிப்புச் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார்கள் பிழைத்தார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முந்தின ஆண்டே தாலுகா ஆபீஸ் படி ஏறுவது நல்லது.

சோற்றுக்கு என்ன வழி?

மறைத்துப் பேசிப் பயனில்லை. படம் தீட்டி விற்று மட்டுமே குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. கையால் போர்டும் பேனரும் எழுதிப் பிழைத்தவர்களின் வேலையை பிளெக்ஸ் அச்சு விழுங்கிவிட்டது.

ஆனாலும் ஓவியர்கள் அன்றைக்கே வழி தேடிக்கொண்டார்கள். சென்னைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். பகலில் துணி, மிச்ச நேரத்தில் ஓவியம்! நெசவாளர் சேவை மையங்களும் புடவை வடிவங்களுக்காக ஓவியர்களை வேலைக்கு வைத்துக்கொண்டன.

இன்று துணி வடிவமைப்பு, விளம்பரம், புத்தக அட்டை, கார்ட்டூன் படம் என்று பெங்களூரிலேயே வேலைகள் இருக்கின்றன. பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் வேலையும் உண்டு. கம்ப்யூட்டர் தெரிந்தால்தான் இவற்றில் பலவற்றில் நுழைய முடியும். கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்து, கை வரையாதவன் அங்கே நீடிப்பதும் கஷ்டம்.

தனியார் கல்லூரியில் சேர்ப்பதென்றால் நான்கு ஆண்டுச் சம்பளம், வண்ணம், தூரிகை, காகிதச் செலவு எல்லாவற்றையும் முதலிலேயே கணக்குப் போட வேண்டும். அரசுக் கல்லூரியில் சம்பளம் குறைவு. இடத்துக்குப் போட்டி அதிகம். பல கல்லூரிகளில் இதுவரை வரைந்த படங்களையும் கொண்டுவரச் சொல்வதுண்டு. சினிமா நடிகர் படத்தைப் பார்த்துக் காப்பி அடித்தவை வேண்டாம். வீட்டு அடுப்பங்கரை, தூங்கும் தம்பி, ஷிப்டு முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா என்று கண்ணால் கண்டு வரைந்தவற்றைத் தேதி போட்டு ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போகட்டும்.