பரிவு அல்ல, பங்கு!

கீரிப்பாறை ரப்பர்க் காட்டிலே, பொழுது புலருமுன் கத்தியும் வாளியுமாக மலையேறுகிறான் தொழிலாளி. சிரட்டை சிரட்டையாகப் பாலெடுக்கும் வரை அவன் உழைப்பாளி. சறுக்கி விழுந்து காலிழந்தால்? மறுநாளே ஊர் சூட்டும் பெயர், 'நொண்டி'!

அந்த இழிபெயரைத் துடைத்தெறிந்தவர் கலைஞர். 'ஊனமுற்றோர்' என்பதை அகற்றி, 'மாற்றுத்திறனாளிகள்' என்றழைத்தார். 2010-இல் தனித்துறை அமைத்து, முதலமைச்சரான தம் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார்.

சொல்லிலே என்ன இருக்கிறது என்பார் சிலர். நாம் கேட்கிறோம்: 'சூத்திரன்' என்பதும் சொல்தானே? அதை எதிர்த்துத்தானே ஆயுளெல்லாம் போராடினார் பெரியார்!

2009-இல் கலைஞருக்கு முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை. பின்னர்ச் சக்கர நாற்காலி. 2016-இல், 92 வயதை நெருங்கிய நிலையில், திருவாரூரிலே வென்றார். ஆனால் சட்டமன்றத்திலே? சக்கர நாற்காலிக்கேற்ற இடம் கேட்டுக் கழகம் வாதாட வேண்டியிருந்தது! ஐந்து முறை முதல்வராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால், ரப்பர்க் காட்டுத் தொழிலாளிக்கு எந்த வாசல் திறக்கும்?

திறந்தது 2025 ஏப்ரலில். முதலமைச்சர் ஸ்டாலின் கொண்டுவந்த சட்டத் திருத்தங்கள், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களிலே நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்தன. உதவித்தொகைக்குக் கை நீட்டி நின்றவன், மன்றத்திலே குரல் எழுப்புகிறான். பரிவு அல்ல இது, பங்கு!

தோழர்களே! சட்டம் கோட்டையிலே பிறக்கலாம். வாழ வேண்டியது நம் ஊரிலே. உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்கு அருகே சரிவுப் பாதை உண்டா? இல்லையென்றால் இன்றே மனுக் கொடுங்கள். ஏறிவர வழியில்லாத மன்றத்தில், இருக்கை கொடுத்து என்ன பயன்?