குதிரைக்குப் போட்ட பூட்டு! தெரியுமா?

துப்பாக்கியில் தோட்டாவின் பின்பக்கத்தை ஓங்கி அடிக்கும் பாகத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? குதிரை! நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கப் போலீஸார் பலரின் இடுப்பில் தொங்கிய ரிவால்வரைச் செய்தது கோல்ட் கம்பெனி. 'கோல்ட்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் குதிரைக்குட்டி என்றும் பொருள். கம்பெனியின் முத்திரையும் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரையேதான்!

கம்பெனியைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட், 1830-ல் 16 வயதுப் பையனாகக் கப்பலேறிப் புறப்பட்டது எங்கே? நம் கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான் சுழலும் துப்பாக்கியின் மாதிரியை மரத்தில் செதுக்கினாராம். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்துப் பிறந்த யோசனை என்பார்கள். 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்துவிட்டது.

நியூயார்க் போலீஸார் எல்லோருக்கும் ஒரே வகை ரிவால்வர் என்று ஆக்கியவர் யார் தெரியுமா? பிற்பாடு ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்! 1895-ல் அந்நகரப் போலீஸ் வாரியத் தலைவராக வந்தவர், மறு வருஷமே 'கோல்ட் நியூ போலீஸ்' ரிவால்வரைக் கொடுத்து, குறிபார்த்துச் சுடவும் பழக்கினார்.

இனி, அதன் வயிற்றுக்குள் நடக்கும் அதிசயத்தைப் பாருங்கள். விசையை ஒரே ஒரு முறை இழுக்கிறோம். குதிரை பின்னால் எழும்புகிறது. அதே இழுப்பில் கொக்கி போன்ற ஒரு துண்டு உருளையின் பின்பல்லைத் தள்ள, ஆறறை உருளை சரியாக 60 பாகை சுழல்கிறது. அடியிலிருந்து ஒரு முளை எழும்பி, உருளையின் பள்ளத்தில் பொருந்தி, அதை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அறையும் குழலும் நேர்கோட்டில்! அப்புறம்தான் குதிரை பாய்கிறது. தோட்டா வெடிக்கவில்லையா? மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும்!

பழைய ரிவால்வர்களில் ஒரு பயங்கரம் இருந்தது. கைதவறி விழுந்து குதிரையில் அடிபட்டால் குண்டு பாய்ந்துவிடும். அதற்குப் பயந்தே குதிரைக்கு நேரான அறையைக் காலியாக விட்டவர்கள் உண்டு. ஆறு அறையில் ஐந்தே தோட்டா! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோல்ட் கம்பெனி ஒரு சின்ன இரும்புத் துண்டைக் குதிரைக்கு முன்னால் குறுக்கே வைத்தது. விசையை முழுதாக இழுத்தால்தான் அது விலகும். இல்லாவிட்டால் குதிரை தோட்டாவைத் தொடவே முடியாது. அந்தப் பூட்டின் பெயர் 'பாசிட்டிவ் லாக்'. 1907-ல் வந்த 'போலீஸ் பாசிட்டிவ்' ரிவால்வரின் பெயரில் பாதி இந்தப் பூட்டிலிருந்து வந்தது! சுடும் கருவியில் செய்த வேலைகளிலெல்லாம் உயர்ந்தது, சுடாமல் தடுக்கும் இந்தத் துண்டுதான் என்பேன்.

இதைக் கேளுங்கள்: போலீஸ் பெயர் தாங்கிய இந்த வகை ரிவால்வர் ஒன்றை வைத்திருந்தவர் சிகாகோவின் தாதா அல் கபோன்! 2011-ல் லண்டன் ஏலத்தில் அது 67,000 பவுண்டுக்கு மேல் போனது.

இன்னொரு விந்தை. பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் உருளை வலஞ்சுழி. குழலுக்குள் வெட்டிய புரியோ இடஞ்சுழி! போட்டிக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இரண்டுமே தலைகீழ். உடலில் தைத்த குண்டின் கீறல் இடமா வலமா சாய்கிறது என்று பார்த்தே, தடயவியல் நிபுணர்கள் எந்தக் கம்பெனியின் துப்பாக்கியாக இருக்கும் என்று தேடலைச் சுருக்குவார்கள்.

அடுத்த முறை பழைய துப்பறியும் படம் பார்க்கும்போது ரிவால்வரின் உருளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கவனியுங்கள்!